மாப்ள அறுக்கிற அறுவை

வாடா மாப்ள. அந்தத் திண்ணையில ஏறி உக்காரு. ஃபோனைக் கொஞ்சம் கவுத்து வை.

உங்கம்மா காலையில வந்துட்டுப் போச்சு. "அண்ணே, இவன் மரம் அறுக்கற மிஷின் வாங்கறதுக்குள்ள எங்களை அறுத்துத் தள்ளிடுவான் போல இருக்கு"ன்னுது. பத்து நாளா சோத்துல கைய வச்சிக்கிட்டே சிசி, கிலோவாட்டுன்னு பேசறியாம். என் தங்கச்சி பாவம், கிலோவாட்டுன்னா கரண்டு பில்லுன்னு நெனச்சிப் பயந்து கெடக்கு.

எங்க, அந்தச் சீட்டைக் குடு. அடேங்கப்பா, ஜாதகப் பொருத்தம் பாக்கறவன் கூட இவ்வளவு கட்டம் போட மாட்டான். ஸ்டில் எம்எஸ் 261: 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2: 50.1 சிசி, அதே 3 கிலோவாட், 5.3 கிலோ. ஸ்டில் எம்எஸ் 362: 59 சிசி, 3.5 கிலோவாட், 5.6 கிலோ. மூணும் நல்ல எடம்தான். கொறை சொல்ல முடியாது. ஆனா இந்த எடை இருக்கு பாரு, அதுலதான் மாப்ள நீ ஏமாந்துட்ட.

சந்தையில ஆடு விக்கறவன் என்ன பண்ணுவான்? தண்ணிய வயிறு முட்டக் குடிக்க வச்சி எடை ஏத்துவான். மிஷின் விக்கறவன் அதுக்கு நேர் எதிரு. வயித்தைக் காயப்போட்டு, கொம்பைக் கழட்டி வச்சிட்டு நிறுக்கறான். பெட்ரோல் இல்ல, ஆயில் இல்ல, செயின் சுத்தி ஓடற தகடு, அதான் பார், அதுவும் இல்ல, செயினும் இல்ல. அந்த 261-ல அரை லிட்டர் பெட்ரோல் ஊத்து, கால் லிட்டருக்கு மேல செயின் ஆயில் ஊத்து, பாரையும் செயினையும் மாட்டு. ஆறரைக் கிலோவுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். உனக்குக் கோவம் வருதில்ல? வரக்கூடாது. எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தான் நிறுக்கறான், அதனால ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடறதுக்கு அது நியாயமான கணக்குதான். உன் தோளுக்குத்தான் நியாயமில்ல.

கனம் கனம்னு பெருமூச்சு விடாத. 1926-ல ஸ்டில்காரன் செஞ்ச மொத மிஷின் கரண்டுல ஓடுனது, எடை 64 கிலோ. ரெண்டு பேர் தூக்கணும். ஹஸ்க்வர்னாக்காரன் 1689-ல துப்பாக்கி செய்ய ஆரம்பிச்சவன், மரம் அறுக்கற மிஷினுக்கு 1959-லதான் வந்தான். அவங்களுக்கே இத்தனை வருசம் ஆயிருக்கு. நீ பத்து நாள்ல கரை கண்டுட்ட.

சரி, சக்திக்கு வருவோம். 3 கிலோவாட்டுன்னா நாலு ஹெச்பி. நம்ம கெணத்து மோட்டார் அஞ்சு ஹெச்பி, அதைக் கழட்டி எடுக்க ரெண்டு ஆள் வேணும். இதை ஒத்தக் கையில தூக்கற அளவுக்குச் செஞ்சிருக்கான், சும்மா சொல்லக்கூடாது. இப்ப எடையைச் சக்தியால வகுத்துப் பாரு. 261-க்கு ஒரு கிலோவாட்டுக்கு 1.6 கிலோ. பெரிய 362-க்கும் அதே 1.6 தான். அதாவது பெரிசு கூடுதலா உழைக்கும், கூடுதலாக் கனக்கும். அதுல மாயமும் இல்ல, லாபமும் இல்ல. ஹஸ்க்வர்னாவுக்கு 1.8 கிட்ட வருது, 400 கிராம் அதிகம். அதுக்காக அதைத் தள்ளிடாத. கையில ஏந்திப் பாரு. கனமான பானை சில இடுப்புல பாந்தமா உக்காந்துக்கும், லேசான பானை சிலது வழுக்கிக்கிட்டே இருக்கும்.

இது என்ன கடைசியில, எம்எஸ் 500ஐ? 79.2 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ. கிலோவாட்டுக்கு 1.24 தான் வருது. கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலைக் கணக்குப் பண்ணிப் பீச்சற மிஷின். அது பெரிய எடத்துப் பொண்ணு மாப்ள. நடுத்தரம் பாக்கப் போனவன் மாடி வீட்டு ஜன்னலையே ஏன் பாத்துக்கிட்டு நிக்கற?

உன் வேலை என்ன? மூணு ஏக்கர் முந்திரி, வரப்போரமா சவுக்கு, வீட்டுக்குப் பின்னாடி நாலு பலா. முந்திரி எப்படி வளரும்னு உனக்குத் தெரியாதா? தரையில படுத்துத்தான் பேசும். கிளைக்குள்ள கிளை, குனிஞ்சிக்கிட்டே வெட்டணும். அங்க லேசான மிஷினும் 16 அங்குல பாரும்தான் ஒத்துழைக்கும். இதைப் புத்தகத்துல படிச்சிச் சொல்லல.

2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சிச்சே, அப்ப நீ அரை டவுசர். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சி கெடந்துச்சி. மாமன் ஒரு பழைய மிஷினை வாங்கினேன். 70 சிசிக்கு மேல, 24 அங்குல பார். எதுக்கு? நாலு பேர் பாக்கணுமே! மூணாவது நாள், சாஞ்ச மரத்துல ஒரு கிளையை அறுத்துக்கிட்டிருந்தேன். பாரோட நுனி அந்தப் பக்கம் எலைக்குள்ள இன்னொரு கிளையில பட்டுச்சி. பட்டதுதான் தெரியும், மிஷின் என் மூஞ்சியப் பாத்து எகிறிச்சி. முன்னாடி இருக்கற செயின் பிரேக்கு விழுந்துச்சோ, நான் பொழைச்சேனோ. எந்தக் கம்பெனி மிஷின்னு கேக்காத, அது மேல தப்பில்ல. பார் நுனியோட மேல் பாதி மரத்துல பட்டா எந்த மிஷினா இருந்தாலும் எகிறும். நீளமா மாட்டினா நுனி எங்க இருக்குன்னு உனக்கே தெரியாது.

இந்த வெரலைப் பாரு. மார்கழிக் காலையில வெள்ளையா செத்துப் போவும். அதிர்வு மாப்ள, அதிர்வு. பழைய மிஷினோட நடுக்கம் கைக்குள்ளயே தங்கிடுச்சி. இப்ப வர்றதுல இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஸ்பிரிங் வச்சிருக்கான். கடையில ஓட விட்டுக் கையில புடிச்சிப் பாக்கச் சொன்னா நீ கலரைப் பாத்துட்டு வந்திருக்க.

இன்னொண்ணு. இந்த மிஷினுங்க காத்தையும் பெட்ரோலையும் தானே அளந்துக்கும். ஸ்டில்காரன் எம்-டிரானிக்ங்கறான், ஹஸ்க்வர்னாக்காரன் ஆட்டோட்யூன்ங்கறான். நல்லதுதான். ஆனா கோளாறு வந்தா கம்பெனி ஆளு கம்ப்யூட்டரை மாட்டித்தான் பாக்கணும். நம்ம டூவீலர் மெக்கானிக்கு கைய விரிச்சிடுவான். நீ பாத்த மாடல் நம்ம பக்கத்துல விக்கறாங்களா, சர்வீஸ் எங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சியா? பேசாம இரு, மூஞ்சிலயே தெரியுது.

கடைசியா ஒரு புழுக் கதை. அமெரிக்காவுல ஒரெகன்ங்கற எடத்துல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம்வெட்டி. மரத்தைத் துளைச்சிக்கிட்டுப் போற ஒரு வண்டோட புழுவை உத்துப் பாத்திருக்கான். எந்தப் பக்கம் நார் ஓடினாலும் அது வலமும் இடமுமாக் கடிச்சிக்கிட்டே போவுது. அதைப் பாத்து 1947-ல அதே மாதிரி பல்லு வச்சி செயின் செஞ்சான், கம்பெனியும் ஆரம்பிச்சான். நாமளும்தான் முந்திரியில தண்டு துளைப்பானைத் தெனம் பாக்கறோம். பாத்து என்ன, மருந்துக் கடைக்காரன் வீடு கட்டினதுதான் மிச்சம்.

அறுக்கறது அந்தப் பல்லுதான் மாப்ள. இன்ஜின் அதைச் சுத்த மட்டும் செய்யுது. மொன்னைப் பல்லோட 60 சிசி திணறுற எடத்துல, தீட்டின பல்லோட 50 சிசி வெண்ணெயில எறங்கற கத்தி மாதிரி போவும். வெளிய வர்றது சுருளா வந்தா பல்லு நல்லாருக்கு. மாவா வந்தா அரத்தை எடு. செயினுக்குக் கழிவு ஆயிலை ஊத்தாத, அதுல இரும்புத் தூள் இருக்கும். பலாப்பழம் அறுக்கறப்பக் கையில எண்ணெய் தடவற ஊருல பொறந்துட்டு இதையெல்லாம் மாமன் சொல்லணுமா? பெட்ரோல்ல லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில். டிவிஎஸ் 50 ஓட்டின குடும்பம், அளவு தப்பாது. வரப்புல நிக்கற பனை மேல மட்டும் கண்ணு போவக்கூடாது, கலெக்டர் அனுமதி இல்லாம அதைத் தொட முடியாது.

தீர்ப்பைக் கேட்டுக்க. 50 சிசி, 16 அங்குல பார். ரெண்டு கம்பெனியில எவனோட கடை பக்கத்துல இருக்கோ அவன்கிட்ட வாங்கு. பெரிய பலா சாஞ்சா வாடகைக்கு ஆளைக் கூப்பிடு. மிச்சம் ஆவற பணத்துல ஹெல்மெட்டு, கண்ணாடி, காலுக்குப் போடற வெட்டுப்படாத பேன்ட்டு வாங்கு. அப்படியே 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் மூணு. ரெண்டு உனக்கு, ஒண்ணு எனக்கு. காசு நீ குடுத்துடு.