மானியம் எட்டாத பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மாடியில் சோலார் போட்ட ஒரு குடும்பஸ்தன், சிவகிரி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்: புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: வீட்டு பேட்டரியின் பஸ்பாரை எதற்குள் வைத்து மூடுவது என்று கேட்டு விண்ணப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

2024 பிப்ரவரியில் தாங்கள் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் எங்கள் சிவகிரி வரை வந்து சேர்ந்துவிட்டது. 1 கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்ற கணக்கெல்லாம் டீக்கடையிலேயே மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மேற்கே மலை, கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் காற்றாலைகள், தலைக்கு மேலே வஞ்சனையில்லாத வெயில். இத்தனை இருந்தும் கரண்ட் போகிறது.

அதுவும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும். வெயில் ஏறும் நேரம். மாடியில் பேனல் தகதகவென்று மின்ன, கீழே மின்விசிறி அசையாது. கம்பியில் கரண்ட் இல்லையென்றால் மானியத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேர்த்து வழிகிற மனிதன் அடுத்து என்ன செய்வான்? ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்குவான். வாங்கலாம், தடையில்லை என்கிறீர்கள். மானியம் மட்டும் பேட்டரிக்குக் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பேட்டரிக்கு 18 சதவீதம். வெயிலைப் பிடிப்பது தேசத் தொண்டு, பிடித்ததைச் சேமிப்பது ஆடம்பரம் என்று இதற்குப் பொருள் கொண்டேன். சரிதானே?

மானியம் நின்ற இடத்தில் தங்கள் கண்ணும் நின்றுவிட்டதுதான் என் வருத்தம். பேனலில் இருந்து வரும் வயரைச் சேர்க்கும் பெட்டி தூசி, தண்ணீர், பூச்சி புகாமல் ஐபி 65 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. அருமை. அதே வயர் இன்வெர்ட்டரைத் தாண்டி பேட்டரி அறைக்குள் நுழைந்ததும் நிலவரம் வேறு. அங்கே சுவரில் இரண்டு செம்புப் பட்டைகள்: ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். அதுதான் பஸ்பார். பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாவற்றின் தடித்த வயரும் அதில்தான் வந்து போல்ட்டில் இறுகி நிற்கும். அதற்கு மூடி? எலக்ட்ரீஷியன் வந்த அன்று அடுக்களையில் எந்த டிபன் டப்பா காலியாக இருந்ததோ அது.

"51 வோல்ட்தான் அண்ணாச்சி, ஷாக்கே அடிக்காது" என்பது இங்கே வழக்கமான ஆறுதல். காய்ந்த கையோடு தொட்டால் பெரும்பாலும் அடிக்காதுதான். ஆனால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால் அந்தப் பட்டையில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். இரண்டு பட்டைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கில் பாயக்கூடும். ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்தபடி ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் அதற்கும் அதே கதி. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால் அதன் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. டிசிக்கு அந்த இரக்கம் கிடையாது, பொறி பிடித்தால் நீண்டு எரியும். ஏசிக்கான எம்சிபியை இதில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் நாட்டில் இருக்கிறார்கள்.

கடைகளில் விசாரித்தேன். வெல்டிங் பட்டறையில் தகரப் பெட்டி அடித்துத் தருகிறேன் என்றார்கள். பிளஸ் வயர் ஒருநாள் நழுவிப் பெட்டியைத் தொட்டால் பெட்டியும் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளுமே என்றேன்; உள்ளே பெயிண்ட் அடிக்கிறோம் என்றார்கள். தச்சர் பிளைவுட் சொன்னார். தீப்பிடித்தால் விறகுக்குத் தனிச் செலவு இல்லை. எலக்ட்ரிக்கல் கடையில் பளபளவென்று பிளாஸ்டிக் பெட்டி எடுத்து வைத்தார்கள். தீப்பற்றினால் தானாக அணையும் பிளாஸ்டிக்கா என்று கேட்டதற்கு, "நல்ல கனமா இருக்கு, தூக்கிப் பாருங்க" என்று பதில் வந்தது.

பூச்சி விஷயத்தில் மட்டும் தாங்கள் கவலைப்பட வேண்டாம். பாம்பு, தேள் தொல்லை தீர சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலில் அவற்றின் உருவத்தை வாங்கிக் காணிக்கை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கோவிலின் புற்றுமண்ணும் வீட்டில் இருக்கிறது. ஸ்பேனர் உருவம்தான் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

கூரைக்குச் சொன்ன ஐபி 65-ஐ அப்படியே அறைக்குள்ளும் சொல்லித் தப்பித்துவிடாதீர்கள். ஒரு போல்ட் சரியாக இறுகாமல் அங்கே ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே, 100 ஆம்பியரில் 10 வாட் சூடு. நாலு போல்ட்டுக்கு 40 வாட். காற்றுப் புகாத சின்னப் பெட்டியில், சித்திரை மாதத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில் அந்தச் சூடு எங்கே போகும்? பழைய ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர் பேட்டரியையும் சேர்த்து இறுக்கி மூடினால் இன்னொரு வினை: சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

ஆகவே பேட்டரிக்கு மானியம் வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் கோப்பு ஓடாது என்று தெரியும். ஒரே ஒரு பக்கம், தமிழில், படத்தோடு வெளியிடுங்கள். பெட்டி மின்சாரம் கடத்தாத, தீயைப் பரப்பாத பொருளாக இருக்கட்டும். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே தடுப்பு, பட்டைக்கு அடியில் இன்சுலேட்டர், தடித்த வயர் வளைய இடம், வயர் நுழையும் துளையில் கிளாண்ட், கருவி இல்லாமல் திறக்க முடியாத மூடி, அறைக்குள் வைப்பதென்றால் விரல் நுழையாத அளவுக்குக் காற்றுத் துளை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிசிக்கான ஃபியூஸ். மேலே உள்ள பேனலைப் பார்க்க வருகிறவரை, இறங்கிப் போகும்போது இந்தப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு.

தங்கள் பதில் வரும்வரை, பஸ்பாரை மூடாமல் இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள் என்று ஊர்க்காரர்களிடம் நானே சொல்லி வருகிறேன். இதற்கு மானியம் தேவையில்லை.

இப்படிக்கு,
சிவகிரி மின் நுகர்வோரில் ஒருவன்