ஒரே ஆணியில் இரண்டு நாள்காட்டி: பலமனேர்ப் பண்டிகைக் காலப் பதற்றத் தணிப்பு முறை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பண்டிகை நெருங்க நெருங்க வீட்டில் குரல்கள் உயரும் என்பது யாவரும் அறிந்ததே. இதற்கு மருந்தாகப் பட்டியல் போடச் சொல்வது அறிஞர் மரபு. பட்டியல் போட்டவருக்கு, பழைய வேலைகளோடு பட்டியலைத் தேடும் வேலையும் சேர்கிறது என்பதை அம்மரபு கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி.

2. ஆய்வுக் களம்

சென்னை–பெங்களூரு பழைய சாலையில், சித்தூர் தாண்டி மொகிலி கணவாய் ஏறினால் வருவது பலமனேர். தெற்கே இறங்கினால் குடியாத்தம், தமிழ்நாடு. மேற்கே போனால் முல்பாகல், கர்நாடகம். பலமனேர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பிறந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திராவோடு போனது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோதும் பலமனேர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. கோடு போட்ட அதிகாரிகள் எவரும் அடுப்பங்கரைவரை வந்து கோடு போடவில்லை. எனவே இங்குள்ள பல வீட்டுச் சுவர்களில் ஒரே ஆணியில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. மேலே தமிழ்த் தினசரி: ராகு காலம், எமகண்டம், சூலம். கீழே தெலுங்கு மாதத்தாள்: திதி, நட்சத்திரம், கட்டம் கட்டமாகப் பென்சிலில் பால் கணக்கு. கிழித்த தமிழ்த் தாளின் முதுகில் மளிகைச் சாமான்: வெல்லம், பச்சரிசி, நெய், "முறுக்கு அச்சு – மேல்வீட்டு அக்காகிட்ட கேக்கணும்".

3. கருதுகோள்

நாள்காட்டி இரண்டானால் பண்டிகையும் இரண்டாகும், பதற்றமும் இரண்டாகும் என்பர் மேலோட்டமாகக் கணக்குப் போடுவோர். இவ்வாய்வு அதை மறுக்கிறது. வேலை மிகுவதால் மட்டும் பதற்றம் வருவதில்லை. கெடு ஒன்றே ஒன்றாக இருப்பதால் வருகிறது. வழக்கறிஞர்கள் நெடுநாளாக அறிந்திருக்கும் இவ்வுண்மையை இல்லறத்துக்குப் பொருத்தி, 'வாய்தாக் கோட்பாடு' என இங்கே பெயரிடுகிறோம். ஒரு மொழிக்காரரின் பண்டிகையில் முடியாத வேலையை இன்னொரு மொழிக்காரரின் பண்டிகைக்குத் தள்ளிவைக்கும் உரிமையே வாய்தா.

4. சான்றுகள்

4.1 புத்தாண்டு. யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடைப்பட்ட வாய்தா 2024-ல் 5 நாள், 2025-ல் 15, 2026-ல் 26. யுகாதி சந்திரனைப் பார்த்து வருவதால் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே ஓடும். பிறகு அதிக மாதம் ஒன்று வந்து இழுத்துப் பிடிக்கும். சித்திரை சூரியனைப் பார்த்து வருவதால் ஏப்ரல் 14-ஐ ஒட்டியே நிற்கும். யுகாதிக்கு ஒட்டடை அடித்து முடிக்காதவரிடம் கேட்டால், "விடும்மா, இது தெலுங்கு வருஷப் பொறப்புதானே, நம்மளுதுக்குப் பாத்துக்கலாம்" என்கிறார். முடித்தவரோ சித்திரையில் காலை நீட்டி உட்கார்கிறார். யுகாதிப் பச்சடிக்கு உதிர்த்த வேப்பம்பூவில் மீந்ததை நிழலில் உலர்த்தி வைத்தால் சித்திரைப் பச்சடிக்கும் ஆகும்.

4.2 தீபாவளி. 2025-ல் எல்லோருக்கும் அக்டோபர் 20. வாய்தாவே இல்லை என்று வாசகர் அஞ்ச வேண்டாம். தமிழ் வீட்டில் எண்ணெய்க் குளியலும் வெடியும் விடியுமுன். தெலுங்கு வீட்டில் லட்சுமி பூஜையும் விளக்கும் அமாவாசைப் பொழுது சாய்ந்தபின். இடையில் ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. தையற்காரர் காலையில் தராத ரவிக்கையை மாலையில் உடுத்தலாம். அதற்கும் தராவிட்டால் கர்நாடகத்துப் பலிபாட்யமி அக்டோபர் 22. மூன்று மாநில வாய்தாவையும் கடந்த தையற்காரர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்.

4.3 கொலு. தமிழர் நவராத்திரியில் வைப்பர். தெலுங்கர் சிலர் தசராவில் வைப்பர், சிலர் சங்கராந்தியில் வைப்பர். சுடுமண் வேலைக்குப் பேர்போன இவ்வூரில் பொம்மைக்குப் பஞ்சமில்லை. பரணிலிருந்து இறக்க ஆளுக்குத்தான் பஞ்சம். புரட்டாசியில் ஏணி பிடிக்க ஆள் கிடைக்காத வீட்டுக்குத் தை வரை வாய்தா உண்டு. இத்துறையில் இதுவே மிக நீண்டது.

5. எதிர்ச்சான்று

நேர்மையான ஆய்வு தன் ஓட்டையை மறைக்காது. சூரியன் மகரத்தில் நுழைவது தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவருக்கும் ஒரே நாளில் ஆதலால் சங்கராந்திக்கு வாய்தா கிடையாது. ஊரிலுள்ள முறுக்கு அச்சுகள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி. தமிழர் வீட்டு அதிரசமும் தெலுங்கர் வீட்டு அரிசெலுவும் ஒரே வெல்லப் பாகின் பதத்தில் நிற்பவை. எனவே பாகு முறியும் ஓசையும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும்.

விருந்தினர் நிலை இன்னும் சிக்கலானது. சங்கராந்திக்கு மறுநாளான கனுமவன்று காக்கை கூட ஊர் விட்டு நகராது என்பது தெலுங்கர் வழக்கு; ஆகவே வந்தவர் கிளம்ப மாட்டார். மறுநாள் முக்கனும, கறி எடுக்கும் நாள். குழம்பு கொதிக்கிற வீட்டை விட்டு எவரும் கிளம்பியதாகத் தெரியவில்லை. அதே நாள் தமிழருக்குக் காணும் பொங்கல். குடியாத்தத்து மாமாவும் அத்தையும் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" நாலு பேரோடு வந்து இறங்குவர். ஒரு மொழியின் சம்பிரதாயம் போகவிடாமல் பிடிக்கிறது, இன்னொன்று வாசலில் கொண்டுவந்து விடுகிறது. பலமனேரில் பாய்கள் பற்றாமல் போவது இந்த ஓர் இரவில்தான்.

பலமனேர் வழியாகப் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை வருகிறது. அது முழுதாய்த் திறந்தபின், போகிற வழியில் எட்டிப் பார்க்கும் உறவினர் குறைவரா என்பது தனியே ஆராயத்தக்கது.

6. பரிந்துரை

நாள்காட்டி ஒன்றே உள்ள கும்பகோணம் போன்ற ஊரார் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, அண்டை மாநிலத்து நாள்காட்டி ஒன்றைத் தருவித்து மாட்டுவது நலம். அதிலுள்ள பண்டிகைகளைக் கொண்டாட வேண்டிய அவசியமில்லை. தன் பண்டிகையன்று மீந்த வேலையைத் தள்ளிவைக்க நாள் இருந்தால் போதும். சங்கராந்திக்கு மட்டும் இம்முறை உதவாது. அதற்கு இதுவரை கண்ட ஒரே வழி, மார்கழி பிறந்ததுமே மேல்வீட்டுக்குப் போய் அச்சை வாங்கிவந்துவிடுவது.