பேய் வேலைக்கு ஆள் தேவை

கடலூரை ஒட்டிய எங்கள் குடிகாட்டில் பேய் பிழைப்பது கஷ்டம். மல்லிகை வாசம் வந்தால் பின்னாலேயே மோகினி வருவாள் என்பது ஊரறிந்த சாஸ்திரம். பக்கத்திலேயே ரசாயன ஆலைகள்; ராத்திரி காற்று திரும்பினால் அடிக்கிற நெடியில் மல்லிகையை எங்கே போய் மோந்து பார்ப்பது? “மோகினியே முந்தானையால மூக்க மூடிக்கிட்டுதான்டா போவா” என்பார் பெரியப்பா.

பேய்களில் கொடுத்துவைத்தவை பழைய ஓட்டல் பேய்கள்தான். புளியமரத்தில் தொங்கவேண்டாம், வாடகையும் இல்லை. முசோரியில் 1902இல் திறந்த சவாய் ஓட்டலில், 1911இல் ஃபிரான்சஸ் கார்னெட்-ஓர்ம் என்ற ஆங்கிலேய மாது விஷத்தால் இறந்துபோனார். உயிரோடு இருக்கும்போதே ஆவிகளோடு பேசுவதில் ஈடுபாடு உள்ளவர். முன் அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் சிக்கிய தோழி விடுதலையாகிவிட, அம்மையார் இன்னும் நியாயம் கேட்டு வராந்தாவில் நடக்கிறாராம். அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கே இந்தச் சாவுதான் விதை என்பார்கள்.

ஊட்டியில் ஃபெர்ன்ஹில் அரண்மனை. மைசூர் மகாராஜாக்கள் கோடைக்குத் தங்கிய இடம், பிறகு ஓட்டலானது. ‘ராஸ்’ இந்திப் படத்துக்காகத் தங்கியவர்கள் மேல்மாடியில் மேசை நாற்காலி இழுபடும் சத்தத்தால் விடியவிடியத் தூங்கவில்லை. காலையில் புகார் சொன்னால், “மேல்மாடியே கிடையாதே” என்றார்களாம். இந்தக் கதையை ஊட்டியில் ஒரு சாதாரண லாட்ஜில், விளக்கை அணைத்த பிறகு மாமியாரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவும் தலைக்கு மேலே ‘தடால்’ என்றது. மாமியார் கந்த சஷ்டி கவசத்தை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். காலையில் ரூம்பாயைக் கேட்டால், “சின்டெக்ஸ் மூடி சார். காத்தடிச்சா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும்.” மாமியார் நம்பவில்லை. மூடி எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

எனக்கு வயிற்றெரிச்சல் மும்பை தாஜ் ஓட்டலைப் பற்றித்தான். முகப்பைத் திசைமாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று கண்டு, கட்டடக்கலைஞர் சேம்பர்ஸ் மனமுடைந்து உயிரை விட்டு, ஆவியாகச் சுற்றுகிறார் என்பது கதை. கதையில் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த ஓட்டலை முதலில் வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்சாவும்; சேம்பர்ஸ் கட்டி முடித்தவர். 1903இல் திறந்தார்கள். வரைந்தவர்கள் நம் ஆட்கள், பேய் உத்தியோகம் மட்டும் துரைக்கு!

கடலூரில் சரக்கு இல்லாமலா போயிற்று? தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். நான்கு திசையிலும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்களுடையது என்று வளைத்துக்கொண்டார்கள். எந்த சர்வேயரும் காணாத அளவை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை இடித்துத் தள்ளினார். கடைசியில் பாண்டிச்சேரியையும் இழந்து, 1766இல் பாரிசில் அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள். தலையில்லா முண்டத்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் வந்து உலாவத்தான் ஓட்டல் இல்லை, மிஞ்சியிருப்பது இடிபாடு.

நாளைக்கு யாராவது முதலாளி அங்கே ஓட்டல் கட்டுவதாக இருந்தால் ஒரு விண்ணப்பம். லாலியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். தொழிற்சாலை வந்தபோதுதான் வேலைக்கு வெளியூர்க்காரனைத் தேடினார்கள். பேய் வேலையையாவது உள்ளூர்க்காரனுக்குக் கொடுங்கள்.