வலிக்குமா தவணை?

கேள்வி: கடற்கரைச் சாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கருங்கல்லில் கட்டைவிரல் இடித்தது. முதலில் ஒரு 'சுரீர்'. கொஞ்சம் பொறுத்துத்தான் உயிர் போகிற வலி. வலிக்குமா தவணை முறை?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: காலிலிருந்து மேலே இரண்டு சர்வீஸ் ஓடுகிறது சார். சுரீர் வருவது மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய நரம்பில், விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில். உறையில் ஆங்காங்கே சின்னச் சின்ன இடைவெளி. மின்துடிப்பு அங்கே மட்டும் கால் ஊன்றித் தாவும், ஈ.சி.ஆர். எக்ஸ்பிரஸ் மாதிரி. 1870-களில் அந்த இடைவெளிகளை விவரித்தவர் பிரெஞ்சுக்காரர் ரான்வியே. (துய்மா தெருவில் கடைசி எழுத்தை விழுங்கிப் பழகிய உங்கள் ஊரில் அவரை 'ரான்வியர்' என்றால் முறைப்பார்கள்.) பின்னால் வரும் வலிக்கு உறையில்லாத மெல்லிய நரம்பு. எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற டவுன் பஸ், விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். முதுகுத் தண்டுவடத்தை எட்டவே ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் தண்டுவடம் மூளையைக் கேட்காமலே காலை இழுத்துவிட்டிருக்கும். மிச்ச நேரம் எதற்கா? யாராவது பார்த்துவிட்டார்களா என்று நீங்கள் திரும்பிப் பார்க்க!