முள்ளா, தட்டா?

மேற்கு மாம்பலத்தில் முள் சாருக்கு இரண்டு படுக்கையறை வீடு. ஓர் அறையில் படுக்கை கிடையாது, ரெக்கார்டுதான். மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய எல்.பி.க்கள் சுவரோரமாக நிற்க, நடுவே ஆடியோ டெக்னிகா எல்.பி. 120 எக்ஸ் வீற்றிருக்கும். நடுத்தரக் குடும்பத்துப் பிளேயர், முள்ளைத் தாங்கும் வி.எம். 95 ஈ கார்ட்ரிட்ஜ் கம்பெனியே மாட்டிக் கொடுத்தது. வேறு யாராவது என்றால் பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். இவர் கேட்பது கேள்வி: முள்ளை மாற்றுவதா, தட்டைச் சுற்றும் பிளேயரையே மாற்றுவதா?

இந்த வழக்கு வடகலை தென்கலை போலப் பழையது. 1970-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவிலிருந்து லின் எல்.பி. 12 டர்ன்டேபிளைக் கொண்டுவந்த ஐவர் டீஃபன்பிரன், தட்டிலிருந்து எடுக்கும்போதே தவறவிட்டதை எந்த ஸ்பீக்கரும் மீட்டுத் தராது என்று அடித்துப் பேசினார். எதிர்க்கட்சியோ, பள்ளத்தைத் தொடுவது முள் ஒன்றுதானே என்கிறது. முள் சார் காலையில் ஒரு கட்சி, டிபனுக்கு அப்புறம் மறு கட்சி.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் வட்டம் பெரிது. உள்ளே போகப் போகச் சிறுத்து, முள்ளுக்கடியில் ஓடும் வேகம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நெளிவுகள் நெருங்கிப்போக, சாதாரண முள் திணறும். குற்றம் தெரிவது அங்கேதான் என்பதால், முள் சார் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை மட்டும் போடுவார். நூற்றுக்கணக்கான படங்களின் ரெக்கார்டு வைத்திருக்கிறார். ஒன்றுக்குக்கூட முதல் பாட்டு தெரியாது.

கச்சேரித் தட்டானால் நேரே கல்பனாஸ்வரத்துக்குப் போய்விடுவார். ‘ஸ’ வரும்போது பாடுகிறவர் சீறுகிறாரா என்று பார்க்க அதைவிடத் தோதான இடம் ஏது? தோடியா, கல்யாணியா என்று கேட்டுப் பாருங்கள். “வலது சேனல்ல கொஞ்சம் ஜாஸ்தி” என்பார்.

என்னைக் கேட்டால் முள்தான். இந்தக் கார்ட்ரிட்ஜில் பழைய முள்ளை உருவிவிட்டு, அதே வரிசையில் உயர்ந்த மைக்ரோலீனியர் முள்ளைச் செருகிக்கொள்ளலாம், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். ஆனால் அந்த முள்ளின் விலை பிளேயர் விலையில் கிட்டத்தட்டப் பாதி. உடனே ஆரம்பித்துவிடுவார்: “இவ்வளவு போடறதுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டா ரெகா பிளானரே வாங்கிடலாமே?” வாங்குங்களேன் என்றால், “அவ்வளவு நல்ல பிளேயர்ல போய் இந்த முள்ளையா மாட்டறது?”

மாடி வீட்டுக்காரரிடம் எல்.பி. 60 எக்ஸ் இருக்கிறது. அதில் கார்ட்ரிட்ஜைக் கழற்ற வழியே இல்லை. தேய்ந்தால் முள்ளை மட்டும் மாற்றலாம். பாவம், முன்னேற வாய்ப்பில்லாத மனிதர் என்று முள் சாருக்கு இரக்கம். அந்தப் பாவமோ ரெக்கார்டின் இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டுப் படுக்கப் போகிறது.

மூர் மார்க்கெட் கடைக்காரர் ஒருமுறை, “சார், மொதல்ல ரெக்கார்ட கழுவுங்க. பாதி சத்தம் அழுக்கோடது” என்று சொல்லிவிட்டார். சல்லிக்காசு செலவில்லாத யோசனை. முள் சார் சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

முடிவெடுக்கும் முன் முள்ளின் அழுத்தத்தைச் சரிபார்ப்போம் என்று இறங்கினார். 1.8 முதல் 2.2 கிராம்வரை இருக்கலாம். இரண்டு இருந்தால் உத்தமம். குட்டி டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துப் பார்த்தால் 1.98. மனசு ஆறவில்லை. இன்னொரு தராசு வாங்கினார். அது 2.03 என்றது. முள்ளும் பிளேயரும் பின்னால் போய், இப்போது எந்தத் தராசை நம்புவது என்று புதுக் கவலை.

தராசோடு கூட வந்த ஐந்து கிராம் எடைக்கல்லை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு, “நகைக்கடை வரைக்கும் போயிட்டு வரலாமா?” என்று வீட்டில் கேட்டார். கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் முள் சார் முடிச்சை அவிழ்த்துக் கல்லை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். “இது சரியா அஞ்சு கிராம்தானான்னு பாத்துச் சொல்லுங்க.”

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமியிடம் கேட்டார்: “மாத்திக்க எடுத்துட்டு வந்தீங்களாம்மா? இது இரும்பு.”