எங்கள் தெருவில் எல்லாரும் நிருபர்

மயிலாப்பூரில் செய்திக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் சாயங்காலம் கபாலி கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தால் போதும். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் குதிர்ந்தது, எந்த சபாவில் கேன்டீன்காரர் மாறினார், மாட வீதியில் எந்த வீடு பிளாட் ஆகப்போகிறது என்பதெல்லாம் விளக்கு வைப்பதற்குள் தெரிந்துவிடும்.

1994-ல் வின்சென்ட் டிசோசா 'மயிலாப்பூர் டைம்ஸ்' என்று ஓர் இலவச வாரப் பத்திரிகை தொடங்கினார். எங்கள் பேட்டைச் செய்திக்கு அச்சு மரியாதை கிடைத்தது அப்போதுதான். நடைபாதையில் மூடி இல்லாத பள்ளம், கோலப்போட்டி, வீணை வகுப்பு என்று உலகப் பத்திரிகைகள் கோட்டைவிட்ட சமாசாரங்கள் எல்லாம் வந்தன. அடையாறுக்கும் மாம்பலத்துக்கும்கூட இப்படித் தனித்தனி டைம்ஸ் உண்டு. லண்டன்காரர்கள் ஒரே ஒரு டைம்ஸை வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறார்கள். நமக்குப் பேட்டைக்கு ஒன்று.

அந்தப் பத்திரிகைகளில் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். இப்போது தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப் குழு. இதில் எல்லாரும் நிருபர். ஆசிரியர் வேலைக்குத்தான் ஆள் கிடையாது. அட்மின் இருக்கிறாரே என்பீர்கள். கோபித்துக்கொண்டு வெளியேறியவரைச் சமாதானம் பண்ணி மறுபடி சேர்ப்பதற்கே அவருக்குப் பொழுது சரியாக இருக்கிறது.

மந்தைவெளியில் எங்கள் குழுவில் ஒருநாள் ராத்திரி நடந்த உரையாடல் இது.

"கரன்ட் போச்சா?"

"எங்களுக்கு இருக்கே."

"எங்களுக்கும் இருக்கு."

"எங்களுக்குப் போன வாரம் போச்சு."

"மாமா, உங்க வீட்ல போயிடுத்தா? எலக்ட்ரீஷியனை அனுப்பட்டுமா?"

"இல்லேம்மா, நான் பாஸ்டன்ல பையன் ஆத்துல இருக்கேன். சும்மா கேட்டேன்."

கரன்ட் போகாத செய்தி அன்றைக்கு நள்ளிரவு வரை ஓடியது.

இதைவிட ஆபத்தானது 'நாளை மின்தடை' என்று வரும் அறிவிப்பு. காலை 9 முதல் மதியம் 2 வரை என்று நேரம் மட்டும் கறாராக இருக்கும், தேதி இருக்காது. எந்த வருஷத்து நாளை என்று எழுதியவருக்கே ஞாபகம் இருக்காது. ஆனாலும் தெருவில் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்து இட்லி மாவு அரைத்து, மோட்டார் போட்டு, இஸ்திரி முடித்து, மின்தடைக்குத் தயாராகக் காத்திருப்பார்கள். மின்தடை வராது. உடனே ஒரு கோஷ்டி, "ஏன் இன்னும் கரன்ட் போகவில்லை?" என்று கேட்டு எழுதும்.

ஐப்பசி பிறந்தால் வானிலைப் பிரிவு சுறுசுறுப்படையும். நுங்கம்பாக்கத்து வானிலை மையம் ஒன்று சொல்லும். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் ஒன்று சொல்வார். வங்கக்கடல் படம், வண்ண வண்ண வளையங்கள், அம்புக்குறிகள் எல்லாம் வந்து விழும். அத்தனையும் பார்த்த பிறகு இரண்டாவது மாடி மாமி கேட்பார்: "ஆகட்டும், மொட்டை மாடியில துணி காயறதே, எடுக்கணுமா வேண்டாமா?" பேட்டைச் செய்தி என்றால் என்ன என்று அந்த மாமிக்குத்தான் சரியாகத் தெரியும்.

புகைப்படப் பிரிவும் குறைச்சல் இல்லை. முனையில் சாக்கடை பொங்கிய அன்று அதை நான்கு கோணங்களில் எடுத்துப் போட்டார்கள். ஒருவர் பால்கனியிலிருந்து டாப் ஆங்கிள். கீழே கண்ணீர் விடும் பொம்மைகள், கும்பிடும் கைகள், 'நாடு எங்கே போகிறது' என்ற தலையங்கம். மாநகராட்சியின் 1913-க்கு போன் போட்டவர், மரத்தடியில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவர். அவர் எங்கள் குழுவிலேயே இல்லை. லாரி வந்து அடைப்பு எடுத்ததும் குழுவில், "நமது ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி" என்று அறிவித்தார்கள்.

இவ்வளவு கேலி பண்ணினாலும், இந்தக் குழுவைவிட்டு வெளியேற எனக்கு மனசு வந்ததில்லை. காரணம் 2015 டிசம்பர். செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் அடையாற்றில் பாய்ந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்த சமயம். 1878-ல் தொடங்கிய 'தி இந்து', டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் வெளிவரவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. சரித்திரத்தில் அதுவே முதல் தடவை என்றார்கள்.

அன்றைக்குச் செய்தி கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்கள்தான். "எங்க வீட்டு மாடியில் பத்துப் பேர் தங்கலாம்", "இந்தத் தெருவுக்குப் படகு வேணும்", "இங்கே சாப்பாடு மிஞ்சியிருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்று போனிலும் ட்விட்டரிலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவற்றை 'சென்னைரெயின்ஸ்' என்ற தளத்தில் தொண்டர்கள் ஒரே பட்டியலாகத் திரட்டினார்கள். எண்களைக் கூப்பிட்டு, இடம் இன்னும் இருக்கிறதா, சாப்பாடு தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். அதாவது, கூட்டம் கூட்டமாக நிருபர்கள் இருந்த இடத்தில் ஆசிரியர் வேலை பார்க்கவும் சிலர் முன்வந்தார்கள். அதனால்தான் பலருக்கு உதவி போய்ச் சேர்ந்தது.

நமக்கும் அந்த அளவு போதும். மழைக்காலம் வருகிறது. செய்தி போடும்போது தேதியைப் போடுங்கள். தெருப் பெயரைப் போடுங்கள். கண்ணால் பார்த்ததா, மச்சினர் அனுப்பியதா என்று ஒரு வார்த்தை சேருங்கள். சாக்கடை பொங்கினால் தாராளமாகப் படம் எடுங்கள். எடுத்த கையோடு 1913-க்கு ஒரு போன் போட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணையும் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். அதுதான் எங்கள் தெருவுக்கு அன்றைய தலைப்புச் செய்தி.