மலைக்கு எக்செல் தெரியாது, மருமோனே

மருமோனே, உனக்க யாத்திரைப் பிளானை உனக்க அம்மை போன்ல காட்டினா. கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கிட்டு நானும் பாத்தேன். கொள்ளாம். பச்சை, மஞ்சள், ரோஸுன்னு கட்டம் கட்டமா எழுதி வச்சிருக்க. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் நாலையும் முடிச்சு, போற போக்குல சீக்கியருக்க ஹேம்குண்ட் சாகிப்பையும் தொட்டு, ஒன்பதாம் நாளு ராத்திரி திருவனந்தபுரத்துல இறங்கி, பத்தாம் நாளு காலையில டெக்னோபார்க்குல ஆஜர். கேதார்நாத்துல தரிசனம் 5.40, போட்டோ 6.10, இறக்கம் 6.30. அந்தக் கேதாரநாதருகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவருக்கு அந்நேரம் வேற சோலி ஒண்ணும் இல்லியே?

குளத்தூர்ல கிடந்து தேங்கா எண்ணுத கெழவனுக்கு இமயமலையைப் பத்தி என்ன தெரியுமுன்னு நினைக்காதே. வாலிபத்துல மலையில ரோடு போடுத கிரெஃப் படையில சேந்து, ஜோஷிமடத்துக்கு அங்கிட்டு உள்ள ரோட்டுல மண்ணு தள்ளின கை இது. நீ கட்டம் போட்டு வச்சிருக்க ரோடு எப்பம் எப்பம் காணாமப் போவுமுன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல தேதியைச் சொல்லுதேன். ஓணம் லீவுல போறேங்குத. ஓணம் லீவு மாவேலிக்கு வசதி, இமயமலைக்கு வசதி இல்ல. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பாதி வரைக்கும் அங்க பேய்மழை. ருத்ரபிரயாகைக்கு இங்கிட்டு சிரோபகட்டுன்னு ஒரு இடம், பாண்டுகேஷ்வரம் தாண்டி லாம்பகட்டுன்னு ஒரு இடம். மழை பெய்ஞ்சா அந்த மலை நனைஞ்ச கருப்பட்டி மாதிரி கரைஞ்சு ரோட்டுல வந்து இருக்கும். முதல்ல சின்னக் கல்லு ஒண்ணு ரெண்டு உருளும். டிரைவர் அதைக் கண்டதும் வண்டியை நிறுத்திப்போடுவான். ‘இந்தக் கல்லுக்கா நிறுத்துதீரு, போலாமே’ன்னு நீ சொல்லுவ. அவன் பதிலே சொல்லமாட்டான், மேல பாத்துக்கிட்டு ஒரு பீடியைப் பத்தவைப்பான். அந்த பீடி முடியிறதுக்குள்ள பாதி மலை இறங்கி வந்திருக்கும்.

அப்புறம் டோசர் வரும். டோசர்காரனுக்குக் கண்ணு கீழ, மண்ணுல. அவனுக்கு வேண்டி மேல பாக்கதுக்குன்னே ஒருத்தன் விசிலோட நிப்பான். மேல கல்லு அசைஞ்சா விசில் கேட்கும், டோசர் பின்னால வந்துரும். மறுபடி தள்ளும், மறுபடி விசில். ரோடு திறக்க நாலு மணிக்கூரும் ஆவும், ரெண்டு நாளும் ஆவும். ராத்திரியில அந்த ரோட்டுல யாத்திரை வண்டியை விடவும் மாட்டாவ. இதுல உனக்க 6.30 எங்க நிக்கும்?

அதனாலதான் சொல்லுதேன்: உனக்க பிளான்ல எல்லாம் இருக்கு, வெறும் நாளு மட்டும் இல்ல. ஒண்ணும் எழுதாத வெள்ளைக் கட்டம் மூணாச்சும் வேணும். அது மலைக்க பங்கு. நீ அதைக் குடுக்கலேன்னா மலை தானா எடுத்துக்கிடும், அதுவும் நீ பச்சை அடிச்சு வச்சிருக்க கட்டத்துல இருந்து. நாலு தலத்துக்கு மட்டுமே ஹரித்வாரத்துல இருந்து பத்து, பன்னிரண்டு நாளு எடுப்பாவ. ஹேம்குண்டும் சேந்தா பின்னயும் ரெண்டு மூணு நாளு. பதறாத காரியம் சிதறாதுன்னு உனக்க அம்மை சின்ன வயசுல உனக்குச் சொல்லித் தரலியா?

நல்ல நேரம் ரெண்டு உண்டு. மே, ஜூன் முதல் பாதி ஒண்ணு, ஆனா கூட்டம் தாங்காது. செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் முதல் வாரம் ரெண்டாவது. மழை ஓஞ்சு வானம் கழுவிவிட்டிருக்கும். ஆனா ஹேம்குண்ட் அக்டோபர் 10 வாக்குல நடை சாத்திரும், அதையும் பாத்துக்கோ. ‘டிசம்பர்ல கிறிஸ்துமஸ் லீவு இருக்கே மாமா’ன்னு கேட்டுராதே. தீபாவளி கழிஞ்சா அங்க சாமியே மூட்டை கட்டி இறங்கிருவாரு. கேதாரநாதரு உகிமடத்துக்கு, கங்கை முக்பாவுக்கு, யமுனை கர்சாலிக்கு. நவம்பர்ல பத்ரிநாத் நடையும் சாத்திருவாவ. ஆண்டவனே காலி பண்ணிட்டுப் போற இடத்துல நீ ரூம் புக் பண்ணாதே.

2013 ஜூன் மறந்துபோச்சா உனக்கு? அந்த வருஷம் மழை முந்தியே வந்துட்டு. 16, 17 ரெண்டு நாள்ல கேதார்நாத்துக்கு மேல இருந்த சோராபாரி ஏரி உடைஞ்சு இறங்கினது. ஆயிரக்கணக்கான ஜனம் போச்சு. வழியில ராம்பாடான்னு ஒரு இடம், எல்லாரும் சாயா குடிச்சு இளைப்பாறுத இடம், அடையாளம் இல்லாமப் போச்சு. வெள்ளத்தோட வந்த பெரிய பாறை ஒண்ணு கோயிலுக்குப் பின்னால வந்து நின்னு, வெள்ளத்தை ரெண்டாப் பிரிச்சு விட்டுட்டு. அதுக்கு பீம்சிலைன்னு பேரு வச்சு இப்பம் கும்பிடுதாவ. இதை நான் விளையாட்டாச் சொல்லல, கேட்டியா.

இனி உனக்க மூச்சு. நீ பிறந்தது பொழியூர் கடற்காத்து அடிக்கித ஊருல. இமயமலையில நீ போற இடம் ஒக்க பத்தாயிரம் அடிக்கு மேல. கேதார்நாத் 3,583 மீட்டர். ஹேம்குண்ட் 14,000 அடிக்கும் மேல. அங்க ஒரு மூச்சு இழுத்தா, பொழியூர்ல கிடைக்கித பிராணவாயுல அஞ்சுல மூணு பங்குதான் நெஞ்சுக்குள்ள போவும். நீ கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர்னு எழுதி வச்சிருக்க. பாட்டாவுல ஏறினா பத்து நிமிஷத்துக்குள்ள மேல கொண்டு இறக்கிருவான். நீ போயிருவ, உனக்க உடம்பு கீழதான் நிக்கும். தலைவலி, ஓக்காளம், நடையில தள்ளாட்டம் வந்தா மலைச்சீக்குன்னு அர்த்தம். மாத்திரையைப் போட்டுக்கிட்டு மேல ஏறாதே, கீழ இறங்கு. அதுக்கு உள்ள பெரிய மருந்து இறங்குறதுதான். பத்தாயிரம் அடி தாண்டினா ஒரே நாள்ல அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேல கூட்டிப் படுக்காதே. இதுக்கும் வெறும் நாளு வேணும், பாத்தியா.

அந்த ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐஆர்சிடிசிக்க ஹெலியாத்ரா தளத்துல மட்டும் எடு. வாட்ஸ்அப்ல ‘சார், லாஸ்ட் ரெண்டு சீட்டு’ன்னு வருதவன் உனக்குக் கைலாசத்தையே காட்டுவான், காசு போன பிறகு. யாத்திரைப் பதிவை உத்தராகண்ட் அரசாங்கத்துக்க தளத்துல செய்யலாம். அதுவும் இல்லாமப் போயி நின்னா போலீசுகாரன் திருப்பி அனுப்புவான். ‘பத்ரிநாத்துல மேல்சாந்தி ராவல் நம்ம கேரளத்து நம்பூதிரிதானே, மலையாளத்துல பேசி முன்னால போயிரலாம்’னு ஒரு குறிப்பும் எழுதி வச்சிருக்கியே, அதைக் கிழிச்சுப் போடு. ஆதிசங்கரர் ஏற்படுத்தின வழக்கமுன்னு சொல்லுவாவ. அது பூஜைக்கு வேண்டி, உனக்க வரிசைக்கு வேண்டி இல்ல.

நடை பழக்கம் உனக்கு உண்டா? லிஃப்டு கேடானா ஆபீசுக்கு லீவு போடுத ஆளு நீ. கௌரிகுண்டத்துல இருந்து கேதாருக்கு 16 கிலோமீட்டர் ஏத்தம். சோன்பிரயாகைக்கும் கேதாருக்கும் 12.9 கிலோமீட்டர், கோவிந்த்காட்டுக்கும் ஹேம்குண்டுக்கும் 12.4 கிலோமீட்டர் ரோப்வே போட 2025 மார்ச்சுல மத்திய மந்திரிசபை அனுமதி குடுத்தாச்சு. அது வந்து ஓடுத காலம் வரைக்கும் உனக்குக் காலுதான் ரோப்வே.

பழகுறதுக்கு டெல்லிக்குப் போவாண்டாம். உதியங்குளங்கரைப் பக்கம் செங்கல் மகேஸ்வரம் கோயில்ல 111 அடிச் சிவலிங்கம் நிக்கு. உள்ளால சுத்திச் சுத்தி ஏறினா உச்சியில கைலாசம் வச்சிருக்காவ. ஞாயித்துக்கிழமை ஒருக்கா ஏறிப் பாரு. அங்கயே உனக்க நாக்கு வெளிய வந்தா, பிளானைச் சுருட்டி வைச்சுட்டு வீட்டுல இருந்து பாயசம் குடி.

அதுல தேறினா சிவராத்திரிக்கு முஞ்சிறைக்கு வா. அதுக்கு முந்தின நாளு சாயந்திரம் திருமலை மகாதேவர் கோயில்ல இருந்து சிவாலய ஓட்டம் புறப்படும். காவி வேட்டி, கையில பனையோலை விசிறி, செருப்பு கிடையாது. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரைன்னு பன்னிரண்டு சிவன் கோயில். ஒவ்வொண்ணுலயும் முங்கிக் குளிச்சு, ஈர வேட்டியோட ஓடி, திருநட்டாலத்துல முடியும். சுமார் 100 கிலோமீட்டர். வழிநெடுக வீட்டுவாசல்ல மோரு, பானகம், சுக்குக்காப்பி வச்சுக் காத்து நிப்பாவ. எந்த ஜாதி, எந்தக் கட்சின்னு கேக்கமாட்டாவ.

அந்த ஓட்டத்துல சிவன் கோயிலுக்கு ஓடுதவன் கூப்பிடுதது ‘கோவிந்தா, கோபாலா’. சிவபக்தனான புருஷாமிருகத்துக்கு முன்னால பீமன் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு ஓடினானாம். அது துரத்தும்போது ஒரு ருத்ராட்சத்தைப் போடுவான், அது லிங்கமாவும், மிருகம் நின்னு கும்பிடும், இவன் ஓடுவான். கேதாருலயும் இதே பீமன்தான். காளையா வந்து ஒளிஞ்ச சிவனைத் திமிலைப் பிடிச்சு நிறுத்தினவன் அவன். இங்க பிடிபடாம ஓடினவன், அங்க ஓடுதவரைப் பிடிச்சான். அதே சிவராத்திரி அன்னைக்குத்தான் உகிமடத்துல கேதார்நாத் நடை திறக்கித தேதியைக் குறிப்பாவ. நீ நட்டாலத்துல காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது தேதியும் போன்ல வந்துரும். பிளான் போட அதுதான் சரியான நேரம்.

ஹேம்குண்டை ‘போற போக்குல’ன்னு எழுதியிருக்கியே, அதைத்தான் எனக்குப் பொறுக்கமுடியல. கோவிந்த்காட்டுல இறங்கி, புல்னா வரைக்கும் வண்டி. பிறகு காங்கரியாவுக்கு நடை, அங்க ராத்தங்கல். மறுநாள் 6 கிலோமீட்டர் செங்குத்து ஏத்தம். மேல தங்க விடமாட்டாவ, மத்தியானம் கழிஞ்சா எல்லாரும் இறங்கியாவணும். ஏழு சிகரத்துக்கு நடுவுல ஒரு ஏரி, அதுக்க கரையில குரு கோவிந்த் சிங் முற்பிறப்புல தவம் இருந்தாருன்னு நம்பிக்கை. அவருக்க பேர்ல உள்ள பச்சித்தர் நாடகத்துல அந்த மலை வருது. இடத்தைத் தேடி 1934-ல சந்த் சோகன் சிங் போனாரு, ஹவில்தார் மோதன் சிங் கூட நின்னாரு. 1936-ல சின்னதா ஒரு குருத்வாரா எழும்பிச்சு. அதே ஏரிக்கரையில லட்சுமணனுக்கும் ஒரு கோயில் இருக்கு. சர்தார்ஜியும் முங்குவாரு, மலைக்காரியும் கும்பிடுவா. ஏரி ஒருத்தருகிட்டயும் ஆதார் கேட்டது இல்ல.

அந்தக் குருத்வாராவுல தலையை மூடணும். நம்ம துவர்த்து போதும், ஆனா மீன் துடைச்ச துவர்த்து வேண்டாம். கூட வருத உனக்க மாமனாரு மடியில வச்சிருக்க பீடிக்கட்டைக் கீழயே விட்டுட்டு ஏறச் சொல்லு. உனக்க அம்மை நெத்திலிக் கருவாடு பொதிஞ்சு தருவா, அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு இங்கயே வச்சுட்டுப் போ. கருப்பட்டியும் சுக்கும் எடுத்துக்கோ, கம்பளிக் காலுறை ரெண்டு சோடி, நல்ல மழைக்கோட்டு ஒண்ணு.

மேல லங்கர்ல, அதான் குருத்வாராவுக்க சாப்பாட்டுப் பந்தியில, சூடா கிச்சடியும் சாயாவும் தருவாவ. தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டு வந்துராதே. பழைய கடன் ஒண்ணு கிடக்கு. 1924-ல வைக்கம் கோயிலைச் சுத்தி உள்ள ரோட்டுல நடக்க எல்லாருக்கும் உரிமை வேணுமுன்னு சத்தியாக்கிரகம் நடந்தப்போ, பஞ்சாபுல இருந்து சீக்கிய அகாலிகள் வந்து அடுப்பு மூட்டி லங்கர் திறந்தாவ. வெளியாளு சோறு வேண்டாமுன்னு காந்தி சொன்னதால பிறகு மூடினாவ, அது வேற சங்கதி. யாருன்னே தெரியாத ஜனத்துக்கு, பாஷை புரியாத ஊருல, அவ்வளவு தூரம் வந்து சோறு போட்டவியளுக்க பேரப்பிள்ளைகள்தான் அங்க உனக்குத் தட்டு நீட்டுதாவ. ஒரு ரோட்டுல நடக்குததுக்கே ஜனம் மழையிலயும் வெயில்லயும் நின்ன நாட்டுல இருந்து போற நீ, விஐபி வரிசை எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்காதே. கையை மடக்கிவிட்டு நாலு பாத்திரம் கழுவு. ஐஸ் வெள்ளத்துல விரல் மரத்துப்போவும். பரவாயில்ல, கீபோர்டு தட்டினது போதும்.

போக்குக்கு விமானம் வேண்டாம். கொச்சுவேளியில இருந்து, இப்பம் திருவனந்தபுரம் நார்த்துங்காவ, ரிஷிகேஷுக்கு வாரம் ஒரு நேர் வண்டி உண்டு. பாறசாலை வழியா போற ஹிம்சாகர்ல பேரைப் பாத்து ஏறிராதே, அது வைஷ்ணோதேவிக்குக் கொண்டுபோய் விட்டுரும்.

இனி பிளானைத் திருத்தி எழுதிக் கொண்டு வா. மூணு வெள்ளைக் கட்டம் இருந்தா மாமன் செலவுக்கு ஒரு சாக்கு தேங்கா வித்த காசு தருவேன். இல்லேன்னா உனக்க மாமியை உன்கூட அனுப்பிவிடுவேன். அவளுக்கு முட்டுவலி, வழியில கண்டவளுகிட்ட ஒக்க சொந்தம் விசாரிக்கணும், சாயா ஆறினா வேற போடச் சொல்லணும். அவ கூட வந்தா நீ ஒரு கட்டமும் வெறுமையா விடவேண்டிய சள்ளையே இல்ல, ஒம்பது நாளையும் அவ வெறும் நாளாக்கிப்போடுவா.